வரி கட்டாத பூ

மே முதல் தேதியன்று பாரிஸ் தெருக்களில் யார் வேண்டுமானாலும் பூ விற்கலாம். லைசென்ஸ் கிடையாது, வரிக்காரர் கண்டுகொள்ள மாட்டார். மூன்று வருஷம் பி.காம். படித்தவன் நான். இப்படி ஒரு சலுகையை எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை, சார்!

ஒரே ஒரு பூவுக்குத்தான் இந்த ராஜ மரியாதை. பிரெஞ்சில் 'முகே', இங்கிலீஷில் 'லில்லி ஆஃப் தி வேலி'. இரண்டு அகல இலைகளுக்கு நடுவே ஒரு காம்பு, அதில் வரிசையாகத் தொங்கும் குட்டிக் குட்டி வெள்ளை மணிகள். ஊருக்கு ஊர் நிபந்தனை உண்டு. வேரோடு விற்கக்கூடாது, பளபள காகிதம் சுற்றக்கூடாது, நிஜப் பூக்கடைக்காரர் வயிற்றில் அடிப்பதுபோல் அவர் வாசலிலேயே போய் நிற்கக்கூடாது. நியாயம்தானே?

இதில் அரசியலும் உண்டு. பிரெஞ்சுத் தொழிலாளர்கள் முன்பெல்லாம் மே தினத்தில் சட்டையில் குத்திக்கொண்டது சிவப்புக் காட்டு ரோஜா. 1941ல், ஜெர்மனியிடம் தோற்றுப் பணிந்துபோன பெத்தான் அரசுக்குச் சிவப்பு என்றாலே அலர்ஜி. வெள்ளை முகேயைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. பெத்தான் போய்விட்டார், பூ போகவில்லை. 1923லேயே சென்னையில் மே தினச் செங்கொடி ஏற்றிய சிங்காரவேலரிடம் இந்த வெள்ளைக் கொத்தை நீட்டியிருந்தால் மனிதர் என்ன சொல்லியிருப்பார்!

பெயரில் லில்லி இருக்கிறதே தவிர, குடும்பம் வேறு. அஸ்பாரகஸ் வம்சம். அதாவது, நம்மூர்த் தண்ணீர்விட்டான் கிழங்குக்குப் பங்காளி. மர நிழலில், ஈர மண்ணில், தரைக்கடியில் தண்டு ஓட்டி, அழைக்காத விருந்தாளி மாதிரி தோட்டம் முழுக்கப் பரவும். ஆனால் நல்ல குளிர்காலம் ஒன்று கழிந்தால்தான் வசந்தத்தில் பூக்கும். மாம்பலத்தில் ஆசைப்பட்டுப் பிரயோஜனமில்லை.

வாசனை? பிரமாதம். ஆனால் மல்லிகை மாதிரி பிழிந்து அத்தர் எடுக்க முடியாது. கடையில் 'முகே' என்று விற்கும் சென்ட் எல்லாம் ரசாயனக்காரர் கைவண்ணம். 1956ல் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா, டியோர் கம்பெனிக்காகச் செய்த 'டியோரிசிமோ' அதில் உச்சம். இந்த வாசனைக்காகச் சோப்பிலும் ஷாம்பூவிலும் போட்டு வந்த 'லிலியால்' என்ற சரக்கு, பிள்ளைப்பேற்றுக்குக் கெடுதல் என்று ஐரோப்பிய யூனியனில் 2022 மார்ச் முதல் அழகு சாதனங்களில் தடை. சோப்பு அட்டையில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கும் மாமாக்களைக் கிண்டல் பண்ணாதீர்கள்.

அசல் பூவும் சாது இல்லை. இலை, பூ, சிவப்புப் பழம் எல்லாமே இதயத் துடிப்பைக் குழப்பும் விஷம். ஐரோப்பாவில் காட்டுப் பூண்டு இலை பறித்து சூப் வைக்கிறவர்கள், இதன் இலையையும் சேர்த்துப் பறித்து ஆஸ்பத்திரிக்குப் போவதுண்டு. கசக்கி முகர்ந்தால் பூண்டு வாசனை வரவேண்டும். ஏற்கெனவே கையில் பூண்டு வாசனை ஏறியிருந்தால் அந்தச் சோதனையும் பிரயோஜனப்படாது.

ஒரு காம்பில் சரியாக 13 மணி இருந்தால் அதிர்ஷ்டமாம். மே தினத்தன்று பிரெஞ்சுக்காரர்கள் எண்ணிப் பார்த்து வாங்குகிறார்கள். நம்மூர் வீட்டு புரோக்கரிடம் சொல்லிப் பாருங்களேன்!