தீவின் மண்ணைத் தின்ற நரித்தோல் வியாபாரம்

மண்ணுக்கும் பசி உண்டு என்பதை வயலில் இறங்கி வேலை செய்பவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுகிறார்களே, எதற்காக? பகலெல்லாம் புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் மேய்ந்த ஆடுகள், இரவில் வயலில் படுத்துப் புழுக்கையும் மூத்திரமும் விட்டுப் போகின்றன. வேறிடத்துச் சத்து இந்த மண்ணுக்கு வந்து சேர்கிறது. மண்ணுக்குள் இருக்கும் புழு பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அதைத் தின்று, பக்குவப்படுத்தி, பயிரின் வேருக்குக் கொடுக்கின்றன.

மனிதன் கை படாமலே இப்படிக் கிடை போட்டு வந்த கடற்பறவைகள் வாழும் தீவுகள் உலகத்தில் உண்டு. அந்தக் கிடையைக் கலைத்தவர்கள் யார்? எதற்காகக் கலைத்தார்கள்? லாபம் யார் பெட்டிக்குப் போயிற்று, நஷ்டம் யார் தலையில் விழுந்தது? உழைக்கும் ஜனங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

பறவைகள் போட்ட கிடை

அலாஸ்காவுக்கும் ரஷ்யாவின் கம்சாத்காவுக்கும் நடுவே, வட பசிபிக் கடலில், சுமார் 1,900 கிலோமீட்டர் தூரத்துக்கு நீண்டு கிடப்பவை அலூஷியன் தீவுகள். எரிமலை கக்கிய கல்லும் சாம்பலும்தான் அங்கே பூமி. மரம் கிடையாது. ஓயாத காற்று, விலகாத மூடுபனி. ஆனாலும் அந்தத் தீவுகளில் இடுப்பளவு புல் செழித்து நின்றது.

எப்படி? லட்சக்கணக்கான கடற்பறவைகள் கடலில் மீனும் கூனியும் தின்றுவிட்டுத் தீவுக்குத் திரும்பின. தரையிலும், தோண்டிய வளைகளிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. அவற்றின் எச்சமும், உதிர்ந்த இறகும், உடைந்த முட்டையும் மண்ணில் சேர்ந்தன. கடலின் தழைச்சத்தும் மணிச்சத்தும் இப்படித்தான் கரை ஏறின. அலாஸ்கா கரையை ஒட்டிய சில தீவுகள் நீங்கலாக, மற்றவற்றில் நரி என்ற பிராணியே கிடையாது. ஆகவே தரையில் முட்டையிடப் பறவைகளுக்கு அச்சமில்லை.

அந்தத் தீவுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து வந்தவர்கள் உனங்கன் மக்கள். அந்நியர் அவர்களை அலியூட்டுகள் என்று அழைத்தார்கள். மீனும் கடல்விலங்கும் அவர்கள் உணவு. பறவைத்தோலைத் தைத்து உடுத்திக் குளிரை வென்றார்கள்.

கம்பெனி வந்தது, நரி வந்தது

1741இல் பெரிங் தலைமையில் ஜார் சர்க்கார் அனுப்பிய கப்பல்கள் அந்தப் பக்கம் வந்தன. தப்பிப் பிழைத்துத் திரும்பிய மாலுமிகள் கடல்நீர்நாயின் தோலைக் கொண்டுபோனார்கள். தோலின் விலையைக் கண்ட வியாபாரிகள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டது. தீவு ஜனங்களின் பெண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு ஆண்களைக் கடலுக்கு விரட்டி வேட்டையாட வைத்தார்கள். வன்முறையாலும், புதிதாக வந்த நோய்களாலும் அந்த ஜனத்தொகையில் பெரும்பகுதி அழிந்தது. 1799இல் ஜாரின் பட்டயம் பெற்ற ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி அந்த வியாபாரம் முழுவதையும் ஏகபோகமாக்கிக்கொண்டது.

கடல்நீர்நாயை வேட்டையாடித் தீர்த்தால் அடுத்த தோலுக்கு எங்கே போவது? வழி முன்பே தெரிந்திருந்தது. 1750இலேயே கமாண்டர் தீவுகளிலிருந்து துருவ நரிகளைக் கொண்டுவந்து அட்டூ தீவில் இறக்கியிருந்தார்கள். 1867இல் அமெரிக்க சர்க்கார் 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கியது. கொடி மாறியதே தவிர, வியாபாரம் மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவு தீவாகக் குத்தகைக்கு எடுத்து நரிகளை விட்டார்கள். அலாஸ்கா கரையோரத்தையும் சேர்த்தால் இப்படி நரி விடப்பட்ட தீவுகள் 400க்கும் அதிகம்.

முதலாளியின் கணக்கைப் பாருங்கள். வேலி போட வேண்டாம், கடலே வேலி. தீனி வாங்க வேண்டாம்; பறவையே தீனி. சில ஜோடி நரிகளை இறக்கிவிட்டு வந்தால் போதும். குளிர்காலத்தில் பொறி வைத்துத் தோலை உரித்துக்கொள்ளலாம். செலவில்லாத வருமானம் என்று மகிழ்ந்தார்கள். செலவு இருந்தது, தோழர்களே! அதை அவர்கள் பேரேட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

1913இல் அமெரிக்க ஜனாதிபதி டாஃப்ட் இந்தத் தீவுகளைக் காப்பிடமாக அறிவித்தார். பறவைகளுக்குச் சரணாலயம் என்றது ஆணை. ரோம விலங்குகளைப் பெருக்கும் இடம் என்றும் அதே ஆணை சொல்லிற்று! கோழிக்கும் நரிக்கும் ஒரே கூண்டு கட்டிய புத்திசாலித்தனத்தை என்னவென்பது?

மண் பட்டினி கிடந்தது

நரி முட்டையைத் தின்றது, குஞ்சைத் தின்றது, தாய்ப்பறவையையும் தின்றது. தீவுகள் வெறிச்சோடின. முதலில் உணர்ந்தவர்கள் உனங்கன் மக்கள்தான். உடுக்கப் பறவைத்தோல் கிடைக்கவில்லை என்று அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முறையிட்டார்கள். கேட்பார் யார்?

மண்ணுக்கு நேர்ந்ததை விஞ்ஞானிகள் அளந்து சொன்னது 2005இல். நரி உள்ள தீவுகளையும், நரி ஒருபோதும் விடப்படாத தீவுகளையும் ஒப்பிட்டார்கள். நரியில்லாத தீவில் விழும் பறவை எச்சம், நரித்தீவில் விழுவதைப்போல் சுமார் 60 மடங்கு. மண்ணில் உள்ள மணிச்சத்து மூன்று மடங்குக்கு மேல். நரித்தீவுகளில் உயர்ந்த புல் மறைந்து, ஏழை மண்ணில் ஊர்ந்து பிழைக்கும் குட்டைச் செடிகளே மிஞ்சின. நரித்தீவு ஒன்றில் சிறு பாத்திகள் பிரித்து, எச்சத்துக்கு ஈடான உரத்தை மூன்று ஆண்டுகள் போட்டுப் பார்த்தார்கள். புல் திரும்பி வந்தது. குறை மண்ணில் இல்லை, மண்ணுக்குச் சோறு நின்றதே காரணம் என்பது ருசுவாயிற்று.

சரி, மண்ணுக்குள்ளே வாழும் ஜீவராசிகள்? அவற்றின் கதியை அறிய நியூசிலாந்தின் வடகரைக்கு அப்பால் உள்ள சிறு தீவுகளைப் பார்க்க வேண்டும். அங்கே சத்துரு நரியல்ல. படகுகளிலும் கப்பல்களிலும் வந்து சேர்ந்த எலி. எலி ஏறிய 9 தீவுகளையும் எலி ஏறாத 9 தீவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2006இல் வெளியாயிற்று. எலித்தீவுகளில் வளை தோண்டி மண்ணைக் கிளறும் பறவைகள் அருகிவிட்டன. மண்ணின் சத்து குறைந்துவிட்டது. நூற்புழு முதல் சருகில் வாழும் சிறு பூச்சிகள் வரை பெரும்பாலான வகைகள் குறைந்துவிட்டன.

இதிலே ஒரு விசேஷம் உண்டு. மிதிக்கவும் தோண்டவும் பறவை இல்லாததால், எலித்தீவுகளில் மரம் செடிகள் முன்னிலும் அடர்ந்து நின்றன! மேலே பச்சை, கீழே பஞ்சம். தூரத்தில் கப்பலில் போகிறவன் ‘செழிப்பான தீவு’ என்பான். மில்லின் முகப்புக்கு வெள்ளையடித்திருந்தால் உள்ளே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நாம் நம்புவோமா? பஞ்சு வராவிட்டால் கார்டிங் நிற்கும். கார்டிங் நின்றால் ஸ்பின்னிங் நிற்கும். நூல் இல்லாமல் தறி ஓடாது. மண்ணுக்குள் நடப்பதும் அதுவே. கண்ணில் படாத வேலைக்காரர்களின் உழைப்பு நின்றால், மேலே தெரியும் பச்சையை நம்பி ஏமாறக் கூடாது.

‘பிழைக்க வேண்டாமா?’

‘நரித்தோலால் தீவு ஜனங்களும் பிழைத்தார்களே’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1920களில் பொறி வைத்துத் தோல் உரித்து விற்ற உனங்கன் குடும்பங்கள் உண்டு. ஆனால் விலையைத் தீர்மானித்தது அவர்களா? பணக்காரச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டைக்கு எந்தத் தோல் பாஷன் என்பதைத் தூரத்து நகரங்கள் தீர்மானித்தன. 1929இல் உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது. தோல் விலை விழுந்தது. பிறகு யுத்தம் வந்தது. குத்தகைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். நரியைத் திரும்பக் கொண்டுபோனார்களா? இல்லை. வருமானம் போயிற்று, நரி தங்கிற்று, பட்டினி மண் தங்கிற்று.

நரியைக் குற்றவாளியாக்குவதும் தவறு. நரி, நரியின் வேலையைச் செய்தது. அதைக் கூண்டில் ஏற்றிக் கடல் தாண்டிக் கொண்டுவந்த கைதான் குற்றவாளி.

திருத்த முடியும், கூலி யார் கொடுப்பது?

1949 முதல், காப்பிடத்தின் ஊழியர்கள் தீவு தீவாகப் போய் நரிகளை அகற்றத் தொடங்கினார்கள். விஷத்தாலும் பொறியாலும் நடந்த கடினமான வேலை அது. இதுவரை 40க்கும் மேற்பட்ட தீவுகள் நரியிலிருந்து விடுபட்டிருக்கின்றன. அழிந்தே போயிற்று என்று கருதப்பட்ட அலூஷியன் வாத்து, நரி விடப்படாத புல்டிர் தீவில் 1962இல் கண்டுபிடிக்கப்பட்டது. நரி நீங்கிய தீவுகளில் அதை மீண்டும் குடியேற்றினார்கள். 2001இல் அபாயப் பட்டியலிலிருந்தே அதன் பெயர் எடுக்கப்பட்டது. கெட்டதைத் திருத்த மனிதனால் முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

ஆனால் மண் அவ்வளவு சீக்கிரம் தேறாது. பறவை திரும்ப வேண்டும், கிடை போட வேண்டும், புழுவும் பூச்சியும் பெருக வேண்டும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இந்த வேலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? தோலில் லாபம் எடுத்த கம்பெனிகளின் பெட்டியிலிருந்து அல்ல, ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து!

ஆகவே நாம் சொல்ல வேண்டியது தெளிவு. ஒரு பிராணியை ஒரு பூமியில் கொண்டுவந்து விடுவது ஒரு வியாபாரியின் சொந்த விஷயம் அல்ல. அந்த மண்ணில் வாழும் ஜனங்களின் சம்மதமில்லாமல் அதற்கு அனுமதி தரக் கூடாது. மேலே கிடைக்கும் லாபத்தை மட்டும் பார்க்காமல், மண்ணுக்குள் நேரும் சேதத்தையும் முன்கூட்டியே கணக்கெடுக்க வேண்டும். சேதம் விளைந்தால், லாபம் எடுத்தவனே திருத்தும் கூலியையும் கொடுக்க வேண்டும்.

மண் வாய் திறந்து கூலி கேட்பதில்லை. அதன் சார்பில் கேட்க வேண்டியவர்கள், அதில் இறங்கி உழைப்பவர்களே!