இறங்க மறுக்கும் எண்

1963ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பிரிட்டிஷ் நிதி மந்திரி ரெஜினால்ட் மாட்லிங், சொந்த உபயோகத்துக்காக வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் உரிமம் பெற வேண்டும் என்ற பழைய விதியை எடுத்துவிட்டது முதலாக, அந்நாட்டுக் குடும்பஸ்தர்களில் ஒரு சாரார் சமையலறை மூலையிலும் தோட்டத்துக் கொட்டகையிலும் அந்தக் கலையைப் பகிரங்கமாகவே பயின்று வருகிறார்கள். (நம் ஊரில் இதற்கு அனுமதி இல்லை, வாசகர்கள் படித்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.) அவர்களுள் ஸ்டவுட், போர்ட்டர் என்னும் கரிய பீர் வகைகளில் மோகம் கொண்டவர்களை ஒரு விசேஷமான கவலை பீடிப்பதுண்டு. திரவத்தின் அடர்த்தியை அளந்து, தண்ணீருக்கு 1.000 என்று காட்டும் ஹைட்ரோமீட்டர், மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய தானியத்தின் சர்க்கரை கரைந்த சாற்றில் 1.060 என்று காட்டித் தொடங்கி, ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை உண்டு சாராயமாக மாற்ற மாற்றப் படிப்படியாக இறங்கி, 1.015ஐ ஒட்டி ஓய வேண்டியிருக்க, பாதி வழியில் 1.030லேயே அசையாமல் நின்றுவிடும்.

நின்ற மாத்திரத்தில் இவர்கள் செய்யும் முதற்காரியம் இன்னொரு பொட்டலம் ஈஸ்டைக் கொட்டுவது. நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியம் என்றே இதைச் சொல்ல வேண்டும். முதலில் சந்தேகிக்க வேண்டியது அளக்கும் சாதனத்தைத்தான். ஒரு துளி சாற்றை விட்டு ஒளியின் விலகலைக் கொண்டு சர்க்கரையைக் கணக்கிடும் ரிஃப்ராக்டோமீட்டர் கைக்கு அடக்கமான கருவிதான் என்றாலும், நொதித்தல் தொடங்கிய பின்பு சாராயமும் ஒளியைத் தன் பங்குக்கு வளைத்துவிடுவதால், உண்மையில் 1.015க்கு இறங்கி முடிந்த பீரை அது 1.030ஐ ஒட்டிக் காட்டி மனிதரைக் கலவரப்படுத்தும். அதற்குரிய திருத்தக் கணக்கைப் போடாதவர், தீர்ந்துபோன காரியத்துக்குப் பரிகாரம் தேடுகிறார். ஹைட்ரோமீட்டரும் குறையற்றதன்று, கரியமில வாயுவின் குமிழிகள் அதன் உடலில் ஒட்டி மேலே தூக்கிவிடும் என்பதால், மாதிரியை இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஆற்றிய பிறகே அளக்க வேண்டும்.

கருவி பொய் சொல்லவில்லை என்று நிச்சயமானால், என் அபிப்பிராயத்தில் அடுத்து விசாரிக்க வேண்டியது ஈஸ்டை அன்று. அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்த அந்த ஒரு மணி நேரத்தை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்சைம்கள் இரண்டில், ஈஸ்ட் விரும்பி உண்ணும் மால்ட்டோஸைத் தரும் பீட்டா அமிலேஸ் 60 முதல் 65 டிகிரி உஷ்ணத்தில் சிறப்பாக உழைத்து, 70ஐ நெருங்கும்போது விரைவில் மடிந்துவிட, எஞ்சி நிற்கும் ஆல்பா அமிலேஸ் ஈஸ்டால் தீண்ட முடியாத டெக்ஸ்ட்ரின்களையே மிகுதியாக விட்டுச்செல்கிறது. தெர்மாமீட்டர் நான்கு டிகிரி குறைத்துக் காட்டினால் போதும். 66 என்று நம்பி 70இல் ஊறவைத்தவருடைய பீர் எங்கே நிற்கும் என்பது அன்றே நிர்ணயமாகிவிடுகிறது.

கரிய பீரில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. வறுத்த மால்ட்டில் என்சைமும் இல்லை, ஈஸ்டுக்கு உணவாகும் சர்க்கரையும் சொற்பம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜான் ரிச்சர்ட்ஸன் முதலியோர் ஹைட்ரோமீட்டரை மதுச்சாலைக்குள் கொண்டுவந்தபோதுதான், லண்டன் போர்ட்டருக்குப் பரம்பரையாகப் பயன்பட்ட பழுப்பு மால்ட் எவ்வளவு சாரமற்றது என்பது முதலாளிகளுக்கு விளங்கிற்று. அவர்கள் வெளிர் மால்ட்டுக்குத் தாவினார்கள். போன நிறத்தைக் கருக்கிய சர்க்கரையால் ஈடுசெய்தார்கள். அதற்குச் சட்டம் தடை விதிக்கவே, 1817இல் டேனியல் வீலர் என்பவர் சுழலும் உருளையில் மால்ட்டைக் கரியாக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சிறு அளவே சேர்த்துப் பெரும் கருமை பெறுவதற்கென்று பிறந்த அந்த வஸ்துவை, இன்றைய வீட்டுக்காரர், ஈஸ்டுக்கு முழுதும் உணவாகாத சர்க்கரைகளைக் கொண்ட கிரிஸ்டல் மால்ட்டோடு சேர்த்துக் கைநிறைய அள்ளிப்போட்டுவிட்டு, எண் இறங்கவில்லை என்கிறார்! மில்க் ஸ்டவுட்டுக்காக 20 லிட்டரில், ஈஸ்ட் உண்ணாத பால் சர்க்கரையான லாக்டோஸை அரைக் கிலோ கலந்தவருக்கோ, அது ஒன்றே எண்ணைச் சுமார் பத்துப் புள்ளி (அதாவது 0.010) உயர்த்திக் கடைசிவரை அப்படியே வைத்திருக்கும் என்பது நினைவில் இருப்பதில்லை.

ஈஸ்டின் மேல் குற்றமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. டப்ளினில் கின்னஸ் மதுச்சாலையில் பணிபுரிந்த வில்லியம் கோஸெட், கண்ணாடித் தட்டில் ஈஸ்ட் அணுக்களை எண்ணுவதில் நேரும் பிழையைப் பற்றி 1907இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் ஒரு கட்டுரையே எழுதினார். எத்தனை அணுக்களை இடுகிறோம் என்பது அங்கே அவ்வளவு முக்கியமான கேள்வி. பழைய பொட்டலம், காற்றோட்டம் காணாத சாறு, இரவில் 12 டிகிரிக்குக் குளிர்ந்துவிடும் கொட்டகை ஆகிய மூன்றும் கூடினால், சீக்கிரம் அடியில் படியும் சுபாவமுள்ள ஆங்கில ஈஸ்ட் உறங்கிவிடும். பாத்திரத்தை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, காற்றுப் புகாமல் மெல்லச் சுழற்றி எழுப்பினால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

உறக்கமா, உணவுப் பஞ்சமா என்று பிரித்தறிய ஓர் எளிய பரிசோதனை உண்டு. ஒரு குவளை பீரைத் தனியே எடுத்து, தாராளமாகப் புதிய ஈஸ்டைச் சேர்த்து, வாயைப் பஞ்சால் அடைத்து, 25 டிகிரிக்குச் சற்று மேலான வெதுவெதுப்பில் இரண்டு மூன்று நாள் அவ்வப்போது குலுக்கி வைக்க வேண்டும். அந்தக் குவளை 1.020க்கு இறங்கினால், பெரிய பாத்திரத்திலும் இறங்குவதற்கு இன்னும் சர்க்கரை உண்டு என்று பொருள். அந்நிலையில் புட்டியில் அடைப்பது அபாயம். ஒரு புள்ளி இறங்கினால் ஏறக்குறைய பீரின் கொள்ளளவில் பாதி வாயு பிறக்கும் என்பதால், பத்துப் புள்ளிக்கு ஐந்து மடங்கு வாயு சேர்ந்து, கண்ணாடி சிதறிக் கையையோ கண்ணையோ பதம் பார்த்துவிடும்.

குவளையும் 1.030லேயே நின்றால், பீர் முடிந்துவிட்டது. டெக்ஸ்ட்ரின்களையும் உடைத்துப் போடும் குளுக்கோஅமிலேஸ் என்னும் என்சைமை ஊற்றும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அது எண்ணை இறக்குவதோடு நில்லாமல் கனத்தையும் இறக்கி, வறுத்த தானியத்தின் கசப்பைத் துணையில்லாமல் நிறுத்திவிடும். அந்தப் பீரை அப்படியே இனிப்பு ஸ்டவுட்டாகப் புட்டியில் அடைத்துக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அல்லது நன்கு இறங்கிய வேறொரு பீரோடு கலந்து, ஈஸ்ட் மீண்டும் வேலை தொடங்கவில்லை என்று சில நாள் பார்த்த பின் அடைக்கலாம். அடுத்த முறை தெர்மாமீட்டரை முதலில் கொதிநீரில் சோதித்துவிட்டு, மால்ட்டை 65 டிகிரியில் ஊறவைத்தால் போதும்.