மூன்று குடும்பங்களும் ஒரு குறிப்பேடும்

வைத்தியக் கலாசாலையில் சேரும் ஒவ்வொரு மாணவரும் குறைந்தது மூன்று குடும்பங்களையாவது ஏற்றுக்கொண்டு, அவற்றின் தேக சுகத்தைக் கவனித்து வரவேண்டுமென்று தேசிய வைத்தியக் கமிஷன் விதித்திருக்கிறது. 2022-ம் வருஷத்தில் ஆரம்பமான இவ்வேற்பாட்டை நாம் மனமார வரவேற்கிறோம். பிரேதத்தை அறுத்துப் படிப்பைத் தொடங்கும் இளைஞர், அதே வருஷத்தில் உயிருள்ள மனிதரின் வீட்டு வாசலிலும் போய் நிற்கவேண்டுமென்பது நல்ல விதி. ஆயினும், வரவேற்பதோடு நின்றுவிட நமக்கு மனமில்லை.

யோசனை புதிதன்று. ஸர் ஜோஸப் போர் என்பவரின் தலைமையில் அமைந்த கமிட்டி, 1946-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே, வைத்திய மாணவர்கள் சமூக வைத்தியர்களாக உருவாக வேண்டுமென்றும், அதற்கென மூன்று மாதப் பயிற்சி அவசியமென்றும் வற்புறுத்தியது. 1977-ல் சுதந்திர சர்க்கார், ஒவ்வொரு வைத்தியக் கலாசாலையும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களோடு இணைந்து ஊழியம் செய்யவேண்டுமெனத் திட்டம் வகுத்தனர். இன்று அத்திட்டத்தின் பெயரைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் மாணவர்களிடம்தான் பெரும்பாலும் கேட்கலாம்!

இப்பொழுதைய ஏற்பாட்டிற்கும் அக்கதி நேராதென்று எப்படி நம்புவது? மூன்று வருஷங்களிலுமாகக் கிராமத்திற்கு ஒதுக்கப்பட்டிருப்பது 78 மணி நேரம். கலாசாலை பஸ்ஸில் போய் இறங்கி, குறிப்பேட்டை நிரப்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டாலும் கணக்குச் சரியாகிவிடும். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ல் டாக்டர் சுசீலா நய்யார் சேவாகிராமத்தில் நிறுவிய வைத்தியக் கலாசாலையின் முறை வேறு. அங்கே மாணவர்கள் முதல் வருஷத்தில் பதினைந்து நாள் முகாமிட்டுக் கிராமத்திலேயே தங்குகிறார்கள். வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கலாசாலையிலும் கிராமத்தில் தங்கிப் பயிலும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இரவில் தங்கினவனுக்கே, தண்ணீர் எந்நேரத்தில் வருகிறது, வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் யார் என்பவை தெரியும்.

‘தத்தெடுத்தல்’ என்று இதற்குப் பெயரிட்டிருப்பதும் நமக்குப் பிடிக்கவில்லை. வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து, அனுபவமற்ற பிள்ளைக்குத் தன் வீட்டுச் சங்கதிகளைச் சொல்லி, கையையும் நீட்டி ரத்தம் கொடுக்கிறாளே கிராமத்து ஸ்திரீ, அவளல்லவா மாணவனைத் தத்தெடுக்கிறாள்!

கொடுத்த ரத்தத்திற்குப் பதில் என்ன? 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்திய ஸ்திரீகளில் 57 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆகவே மாணவர் எந்த வீட்டில் சோதித்தாலும் அதைக் காண்பது அபூர்வமாயிராது. கண்டபின் இரும்புச்சத்து மாத்திரை அவளுக்குக் கிடைத்ததா, சாப்பிட்டாளா, மறுசோதனையில் குணம் தெரிந்ததா என்பவற்றைக் கேட்பவர் யார்? மாணவருக்கோ சிகிச்சை செய்ய இன்னும் அதிகாரமில்லை. உடன் செல்லும் ஆசிரியரும், அவ்வூர்க் கிராம சுகாதாரச் செவிலியரும் அந்தப் பொறுப்பை எழுத்து மூலமாக ஏற்கவேண்டும். குடும்பத்தின் குறிப்பேடு கலாசாலை அலமாரிக்குப் போகாமல், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கவேண்டும். ஒரு மாணவர் படிப்பு முடிந்து போனால், அதே வீடுகள் அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

மாணவருக்கு மார்க்குப் போடுமுன் பரீட்சகர் அந்த மூன்று வீடுகளில் ஒன்றுக்காவது நேரில் போய், வந்த பிள்ளையால் என்ன நடந்தது என்று விசாரிக்கட்டும். இதற்குக் கமிஷன் இணங்குமா?