இரண்டு டெல்ஃப்டும் ஒரு இரவும்

உலகத்தில் இரண்டு டெல்ஃப்ட் இருக்கு. ஒன்று நெதர்லாந்தில். ஓவியர் வெர்மியர் 1632இல் பிறந்த நகரம். கால்வாய்களுக்கும் நீலப் பீங்கானுக்கும் பேர் போனது. மற்றது எங்கட நெடுந்தீவு. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் தங்கட ஊரின் பேரை எங்கட தீவுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். ஆங்கில வரைபடத்தில் இண்டைக்கும் அந்தப் பேர்தான்.

அந்த டெல்ஃப்டுக்குப் போற கையில் காசு குறைந்த பயணி பெரும்பாலும் பழைய நகரத்துக்குள் தங்குவதில்லை. நடு நகரில் காணி விலை அதிகம், பழைய கட்டடங்களில் நினைத்தபடி கைவைக்கவும் ஏலாது. அதனால் மலிவு விலைக் கம்பெனி ஹோட்டல்கள் ஊரின் ஓரத்தில், நெடுஞ்சாலைப் பக்கம் நிற்கும். கம்பனீல் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் ஹோட்டல் ஒன்று அங்கேயும் அப்படித்தான் நகர விளிம்பில் இருக்கு. இரவு அங்கே படுப்பார்கள். விடிந்ததும் பழைய நகரத்துக்குப் போய்ப் படமெடுத்துவிட்டு வருவார்கள்.

இந்த டெல்ஃப்டின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். எங்களுக்கு யாழ்ப்பாண நகரமே அந்த ஓரத்து ஹோட்டல். பயணிகள் அங்கே றூம் எடுக்கிறார்கள். காலையில் புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவானுக்கு வந்து, ஒரு மணித்தியாலம் அளவில் கடலில் வந்து மாவலித் துறையில் இறங்குகிறார்கள். ஓட்டோ பிடித்து ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம், குதிரைகள் எண்டு ஓடி ஓடிப் பார்த்துவிட்டுப் பின்னேரப் படகில் திரும்பி விடுகிறார்கள். இரவுச் சாப்பாட்டுக் காசு, றூம் காசு, காலைத் தேத்தண்ணிக் காசு எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். எங்களுக்கு மிஞ்சுவது ஓட்டோக்காசும் வெறும் சோடாப் போத்தலும்.

இதில் பயணிகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. எங்கட சனமே அப்படித்தான். கனடாவிலும் லண்டனிலும் இருந்து கோயில் திருவிழாவுக்கு வாறவை, பிறந்த ஊரில் ஒரு இரவு படுக்காமல் யாழ்ப்பாணத்து ஏசி றூமுக்குத் திரும்பிப் போகினம். ஏன் எண்டு கேட்டால் நியாயமான பதில்தான் வரும்: பாத்ரூம் எப்படி எண்டு தெரியாது, தண்ணி உப்பு, என்ன விலை கேட்பினம் எண்டும் தெரியாது.

அந்தக் கடைசிப் பதிலில்தான் முழு விசயமும் இருக்கு. கம்பெனி ஹோட்டல் விற்பது கட்டிலை மட்டும் இல்லை, நிச்சயத்தை. ஹொலிடே இன் எப்படித் தொடங்கியது எண்டு பாருங்கோ. கெம்மன்ஸ் வில்சன் எண்ட அமெரிக்கர் 1951இல் குடும்பத்தோடு காரில் ஊர் சுற்றினார். வழியில் தங்கிய இடங்களில் பிள்ளைகளுக்கும் தனிக்காசு கேட்டது அவருக்குக் கடுப்பேற்றியது. அடுத்த வருசம் மெம்ஃபிஸில் தன் முதல் விடுதியைத் திறந்தார். எந்த ஊரிலும் ஒரே தரம், சொன்ன விலை, பெற்றோருடன் தங்கும் பிள்ளைகளுக்குக் காசில்லை. இந்த எளிய வாக்குறுதியில்தான் அந்தக் கம்பெனி உலகமெல்லாம் பரவியது.

இங்கே அந்த நிச்சயம் இல்லை. போன வருசம் என்னோடு கலைப்பீடத்தில் படிக்கிற இரண்டு பேர் நெடுந்தீவில் ஒரு இரவு தங்க ஆசைப்பட்டார்கள். தெரிந்த ஒருவர் மூலம் ஓரிடத்துக்குப் போன் எடுத்தோம். விலை கேட்டதற்கு "வாங்கோவன், பாப்பம்" எண்டு பதில். அன்பாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் எண்ணி எண்ணிச் செலவழிக்கிற கம்பஸ் பிள்ளைக்கு "பாப்பம்" எண்டது ஒரு விலை இல்லை. அவர்கள் வரவில்லை.

அப்படியெண்டால் ஒரு கம்பெனி ஹோட்டலைக் கூப்பிட்டு விடுவமா? சிலர் அதைத்தான் "அபிவிருத்தி" எண்டு சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் காரணம் தண்ணி. நெடுந்தீவு சுண்ணாம்புக்கல் தரை. மழைத்தண்ணி நிலத்துக்குள் மெல்லிய படையாகக் கடல்நீருக்கு மேலே நிற்கும். அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருந்து உப்பு ஏறிவிடும். கோடையில் நல்ல தண்ணிக்கு ஆச்சிமார் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள் எண்டு எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கோ. அறுபது றூமுக்கு ஷவர் பூட்டி, நாளாந்தம் விரிப்புத் துவைக்கிற ஹோட்டலை இந்த நிலம் தாங்காது.

இரண்டாவது, ஆரின் கையில் இருக்கப்போகுது எண்டது. இந்தத் தீவுகளுக்குக் கறண்ட் குடுக்கிற விசயத்திலேயே சீனக் கம்பெனிக்கு 2021இல் ஒப்பந்தம் போனதும் இந்தியா எதிர்த்தது. பிறகு இந்திய நன்கொடையில் செய்ய 2024இல் கையெழுத்தானது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியசக்தியும் காற்றாலையும். வரட்டும், நல்லது. ஆனால் எங்கட தீவைப் பற்றிய பெரிய முடிவுகள் எங்களுக்கு வெளியே எடுக்கப்படுவது பழகிப் போச்சு. படுக்கிற பாயிலும் அந்தக் கதை வேண்டாம்.

நான் சொல்ல வாறது இதுதான்: கம்பெனி ஹோட்டலின் கட்டடம் வேண்டாம், அதன் ஒழுங்கு வேண்டும். எங்களிடம் ஆள் இல்லாத வீடுகள் எத்தனை கிடக்கு! இடப்பெயர்வில் போனவை, வெளிநாட்டில் குடியேறினவை விட்டுப்போன வீடுகள். பவளக்கல் மதிலோடு, வேப்பமர நிழலோடு. அதில் சிலதைத் திருத்தி, ஊரில் இருக்கிற குடும்பங்கள் நடத்தட்டும். ஒரு வீட்டில் இரண்டு றூம் போதும். வீட்டில் ஆக்களைத் தங்கவைக்கிற முறையைப் பதிவு செய்ய இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் ஏற்கெனவே வழி இருக்கு. தீவு முழுக்க ஒரே விலைப்பட்டியல், ஒரே போன் நம்பர், துப்புரவான கக்கூஸ், வெள்ளை விரிப்பு, "ஆளுக்கு இத்தனை வாளித் தண்ணி" எண்டு சுவரில் எழுதின ஒரு கடதாசி. இதுக்குக் கோடிக்கணக்கில் காசு தேவையில்லை. ஒருவரை ஒருவர் முந்தாமல் கூடி நிற்கிற மனம் தேவை. அதுதான் கோடியை விடக் கஷ்டம் எண்டும் எனக்குத் தெரியும்.

"விருந்தாளியிட்டக் காசு வாங்கிறதோ?" எண்டு சில பெரியாக்கள் முகம் சுழிப்பினம். அந்தப் பண்பை நான் மதிக்கிறேன். ஆனால் இலவசமாகக் குடுக்கிற வீட்டில் தெரியாத ஆள் கூச்சத்தோடுதான் தங்குவார், ஒரு நாளுக்கு மேல் நிற்கவும் மாட்டார். விலை சொன்னால் அவருக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை.

இதில் காசு மட்டும் இல்லை. பகல் படகில் வந்து போறவர் இடிந்த சுவர்களைப் பார்க்கிறார், ஊரைப் பார்ப்பதில்லை. பின்னேரம் கடைசிப் படகு போன பிறகு தெரு எப்படி அமைதியாகுது, மாடுகள் எப்படித் தானாக வீடு திரும்புது எண்டு அவருக்குத் தெரியாது. 1985 மே 15 குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களைப் பற்றி எந்த வழிகாட்டிப் பலகையும் அவருக்கு முழுசாகச் சொல்லாது. அதை ஆராவது ஒரு அம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் இருந்து சொன்னால்தான் உண்டு. அதுக்கு அவர் தங்க வேண்டும்.

எங்கட வயசுப் பிள்ளைகள் வேலை தேடி யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போறோம். அங்கே ஹோட்டல் வரவேற்பு மேசையில் நின்று வேறு ஆரோ ஊரின் அழகை வேறு ஆருக்கோ விற்கிற நெடுந்தீவுப் பிள்ளைகளும் இருக்கினம். அந்த வேலையைத் தங்கட வீட்டு வாசலில் நின்று செய்ய ஒரு வழி இருக்க வேண்டும்.

அடுத்த முறை வரும்போது திரும்பிப் போற படகு நேரத்தைக் கேட்கும் முன்னம், "இஞ்சை தங்கலாமோ?" எண்டு கேளுங்கோ. பத்துப் பேர் கேட்டால் ஒரு வீடு திறக்கும். "பாப்பம்" எண்டு பதில் வந்தால் விடாதீங்கோ, விலையைக் கேளுங்கோ.