வாத்தியார் முதலில் படிக்கட்டும்

விடைத்தாள் திருத்தி மதிப்பெண் பட்டியலை ஒப்படைத்த பிறகு, ஜூனில் பள்ளி திறக்கும் வரை ஆவுடையார்கோவில் பக்கத்து ஆசிரியருக்குக் கிடைக்கும் பெரிய சொத்து பகல் நேரம்தான். கண்மாய்கள் வற்றிக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். இந்தப் பகல்களை நான் இரண்டு வகை நூல்களுக்குப் பிரித்துக் கொடுத்து வருகிறேன். ஒன்று, 13 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் படிக்கத் தக்க கதைகள். மற்றொன்று, கற்பித்தல் பற்றிய நூல்கள். இரண்டையும் ஒரே கோடையில் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வந்தது.

தொடக்கப் பள்ளிக் குழந்தைக்குக் கதைப் புத்தகம் தேடுவது இன்று அவ்வளவு கடினமில்லை. பள்ளிக் கல்வித் துறையே 'ஊஞ்சல்' இதழைக் கொடுக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிள்ளையின் நிலைமை வேறு. படக்கதையைத் தொட்டால் தம்பிக்கு உரியதாகத் தெரிகிறது. பெரியவர்களின் நாவலைத் தொட்டால் தடிமனைப் பார்த்தே கை பின்வாங்குகிறது. நடுவில் எதைப் படிப்பது என்று யாராவது சொல்ல வேண்டும். நகரத்து வீடுகளில் சொல்வதற்கு அப்பா அம்மா இருக்கலாம், புத்தகக் கடை இருக்கலாம். மீமிசல் கடற்கரையிலிருந்தோ உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரிலிருந்தோ பஸ் ஏறி வரும் பிள்ளைக்கு, அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு, அதைச் சொல்லக்கூடிய ஆள் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவர்தான். "இதுல என்ன சார் இருக்கு?" என்று அந்தப் பிள்ளை கேட்கும்போது, படித்தவரால் மட்டுமே பதில் சொல்ல முடியும்.

அப்படிக் கொடுக்கத் தமிழில் நூல்கள் இருக்கின்றன. கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' கரிசல் காட்டில் பறவைகளின் பின்னால் திரியும் ஒரு சிறுவனின் உலகம். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைப் பின்னணியாகக் கொண்ட இளையோர் நாவல். 2023-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. அதே விருதை 2020-இல் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலை அவர்களுக்குப் புரியும் மொழியில் பேசுகிறது. பாமாவின் 'கருக்கு' (1992) சாதி ஒரு சிறுமியின் பள்ளி நாட்களுக்குள் எப்படி நுழைகிறது என்பதைச் சொல்கிறது. பூமணியின் 'வெக்கை' (1982) இளையோர் நூல் என்ற பெயரோடு வந்ததல்ல. ஆனால் அதன் நாயகன் சிதம்பரத்துக்கு வயது 15. அண்ணனைக் கொன்றவனைப் பழிதீர்த்துவிட்டு, அப்பாவோடு காட்டில் மறைந்து திரிகிறான். இந்த நாவலைத் தழுவி வந்த 'அசுரன்' படம் பார்த்த பிள்ளைகள் இதை ஆவலோடு வாங்கிக்கொள்வார்கள்.

ஆசிரியர் முதலில் படித்தாக வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இந்த நூல்களிலேயே இருக்கிறது. 'வெக்கை'யில் ரத்தம் இருக்கிறது. 'மரப்பாச்சி' படித்த ஒரு சிறுமி, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்ல நம்மைத் தேடி வரக்கூடும். எந்த நூலை எந்தப் பிள்ளைக்கு எப்போது கொடுப்பது, கொடுத்த பின் எதற்குத் தயாராக இருப்பது என்பது படித்தவருக்குத்தான் தெரியும்.

இனி இரண்டாம் வகை. குஜராத்தியில் கிஜுபாய் பதேக்கா எழுதிய 'பகல் கனவு', நான்காம் வகுப்பை ஓராண்டுக்குப் பரிசோதனையாகக் கேட்டு வாங்கும் ஓர் ஆசிரியரின் கதை. அவர் பாடத்தில் தொடங்குவதில்லை, கதை சொல்லித் தொடங்குகிறார். பாடநூல் வாங்கும் காசைச் சேர்த்து வகுப்புக்கு ஒரு நூலகம் அமைக்கிறார். எழுதி 90 ஆண்டுகள் ஆகியும் அந்த யோசனை எந்தச் சிற்றூர்ப் பள்ளிக்கும் பொருந்துகிறது. இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் நடத்திய பள்ளியின் மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைப் போன்ற ஏழைப் பிள்ளைகளைத் தோல்வியுறச் செய்து வெளியே தள்ளும் ஆசிரியருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்கள். 1967-இல் நூலான அந்தக் கடிதம், 'என்னை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்று தமிழில் வந்திருக்கிறது. நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் தமிழாசிரியராக இருந்த நா. முத்துநிலவன் எழுதிய 'முதல் மதிப்பெண் எடுக்க வேண்டாம் மகளே' இங்குள்ள வகுப்பறைகளை அறிந்து எழுதப்பட்டது.

இந்த இரண்டு வகையையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும்? கல்வி நூலை மட்டும் படித்தால் அது மேடைப் பேச்சுக்கான வாசகமாகச் சுருங்கிவிடும். நாவலை மட்டும் படித்தால் மனம் கனக்கும்; திங்கட்கிழமை வகுப்பில் என்ன செய்வது என்று தெரியாது. பார்பியானா கடிதத்தையும் 'கருக்கு' நூலையும் ஒரே வாரத்தில் படித்தவருக்கு, 'இடைநிற்றல்' என்று பதிவேட்டில் எழுதும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வீடும் ஓர் அவமானமும் தெரியத் தொடங்கும். அடுத்து 'பகல் கனவு' எடுத்தால் செய்ய வேண்டிய வேலையும் தெரியும். இரா. நடராசனின் 'ஆயிஷா'வில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் ஒரு மாணவி, வலி தெரியாமலிருக்க மரப்பு மருந்தைத் தன் உடலிலேயே சோதித்துப் பார்த்து இறந்துபோகிறாள். அதைச் சொல்பவர் ஓர் ஆசிரியை. மாணவர் கையில் கொடுக்கத் தக்க அந்தச் சிறு நூலை, ஆசிரியர் பயிற்சியில் முதல் பாடமாகவே வைக்கலாம்.

எங்கள் ஆவுடையார்கோவிலின் பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன அமைச்சர் வாதவூரர், இங்கே குருந்த மரத்தடியில் அமர்ந்திருந்த குருவைக் கண்டு, கையிலிருப்பது என்ன நூல் என்று கேட்டதாகச் சைவ மரபு சொல்கிறது. அமைச்சர் மாணிக்கவாசகர் ஆனது அதற்குப் பிறகுதான். குருவின் கையில் நூல் இருந்ததால்தான் கேள்வியும் பிறந்தது. பிள்ளைகளும் அப்படித்தான், ஆசிரியர் கையில் இருப்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

நூலைக் கையிலெடுப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் கல்குவாரிப் பெண்கள் வரை எழுத்துக் கற்றதும் சைக்கிள் ஓட்டியதும் புதுக்கோட்டையில்தான். ஆசிரியராக இருந்த பா. கிருஷ்ணமூர்த்தியும் அவர் மனைவி டோரதியும் சொந்தப் பணத்தில் சேர்த்து வளர்த்த 'ஞானாலயா' நூலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன.

விடுமுறையிலும் மாணவர் சேர்க்கை, பயிற்சி, தேர்தல் பணி என்று நமக்கு வேலை வருவது உண்மை. இருந்தாலும் 'ஆயிஷா'வை ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். 'பகல் கனவு'க்கு இரண்டு மதியம் போதும்.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, இந்தக் கோடையில் பிள்ளைகளுக்கான கதை ஒன்று, நம் தொழிலுக்கான நூல் ஒன்று, இரண்டையும் முழுதாகப் படியுங்கள். காசு கொடுத்து வாங்க முடியாவிட்டால் கிளை நூலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பள்ளி திறந்த முதல் வாரத்தில், நீங்கள் படித்து முடித்த கதையை உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். அந்தப் பிள்ளை படித்து முடித்ததும், அடுத்ததைக் கேட்டு உங்களிடம்தான் வரும்.