பன்றிக் குட்டியின் முதல் நாள்

சீம்பால் என்றவுடன் தமிழ்நாட்டார்க்குப் பசுவும், வெல்லமிட்டு அவித்த இனிப்புமே நினைவில் எழும். பன்றியின் சீம்பாலைக் கறந்து உண்பார் எவருமிலர். அதனாலேயே அது குட்டிகள் அனைத்திற்கும் வேண்டுமளவு கிடைத்துவிடுகிறது என்று எண்ணிவிடலாகாது. ஓர் ஈற்றில் பத்துக்கு மேற்பட்ட குட்டிகள் பிறக்குமிடத்து, எளிய குட்டி வலிய குட்டியால் காம்பினின்று தள்ளப்படுகிறது. குளிரில் விறைத்தது காம்பைத் தேடவும் மாட்டாது.

தாய்ப்பன்றியின் நச்சுக்கொடி வழியே நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருவைச் சென்றடைவதில்லை. குட்டி அவற்றைச் சீம்பாலிலிருந்தே பெறவேண்டும். அவற்றைச் சிதையாமல் உட்கொள்ளும் ஆற்றல் குடற்சுவருக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள் வரையே உண்டு. பணியாளர் பெரும்பாலும் இதனை அறிவர். இதனோடு நின்றுவிடுவதுதான் குறை.

சீம்பால் குடலையே வளர்க்கிறது. 1976-இல் இங்கிலாந்தில் எல்சி விடோசனும் உடனுழைத்தோரும், பிறந்த முதல் நாளில் தாய்ப்பால் அருந்திய குட்டிகளையும் நீர் மட்டுமே பெற்றவற்றையும் ஒப்பிட்டனர். பால் அருந்தியவற்றின் குடல் ஒரே நாளில் வெகுவாகப் பெருத்திருந்தது. மற்றவற்றில் அவ்வளர்ச்சி இல்லை. சீம்பாலில் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணிகள் மிகுந்துள்ளன. மேல்தோல் வளர்ச்சிக் காரணியும் உண்டு. இவற்றிற்குரிய ஏற்பிகள் குட்டியின் சிறுகுடல் அணுக்களின் சவ்வில் பதிந்திருக்கின்றன. ஏற்பி ஒரு புரதம். காரணி வெளியே வந்து பொருந்தியதும், அச்செய்தியை அணுவின் உள்ளே செலுத்தி, அது பிரிந்து பெருகுமாறு தூண்டுகிறது. (பூட்டும் சாவியும் என்னும் வழக்கமான உவமை இங்குப் பாதியே பொருந்தும், பூட்டு கதவைத் திறக்குமேயன்றி வீட்டைக் கட்டாது.) இவ்வளர்ச்சியில் விழுங்கப்பட்ட காரணிகளின் பங்கு எவ்வளவு, உணவுச் சத்தின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே இன்னும் வழக்குண்டு. ஆகவே, வளர்ச்சிக் காரணி கலந்த விலையுயர்ந்த தீவனத்தை நாடுமுன், விலையின்றிக் கிடைக்கும் சீம்பாலை ஒவ்வொரு குட்டியும் அருந்தச் செய்வதே அறிவுடைமை.

நம் நாட்டில் பன்றிகளின் தொகை 2012-இல் ஏறத்தாழ 1 கோடியே 3 லட்சம். 2019 கணக்கெடுப்பில் அது சுமார் 90 லட்சமாகக் குறைந்தது. 2020-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வடகிழக்கில் புகுந்தபின் எல்லாருடைய கவனமும் அதன்மேற் சென்றது. அது முறையே. ஆயினும் பால் மறக்குமுன் இறக்கும் குட்டிகளுள் பெரும்பகுதி முதல் மூன்று நாட்களிலேயே மடிகின்றன. அச்சாவுகளுக்குச் செய்தித்தாளில் இடமில்லை. தில்லி கிருஷி பவனிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகமும், குவாஹாட்டிக்கு அருகே ராணியில் இயங்கும் அதன் பன்றி ஆராய்ச்சி நிலையமும் வட்டாரப் பணியாளர்க்கென வழங்கும் அறிவுரைகளில், ஈற்று நாள் மேற்பார்வை தனித் தலைப்பாக முதலிடம் பெறுதல் வேண்டும். பிறந்த குட்டியைத் துடைத்தல், வைக்கோலிலோ விளக்கொளியிலோ வெதுவெதுப்பாக வைத்தல், பருத்த குட்டிகளைச் சிறிது நேரம் விலக்கி மெலிந்தவற்றைக் காம்பில் சேர்த்தல் ஆகிய இவற்றிற்கு மருந்துப் பெட்டி தேவையில்லை. இரவில் ஒருவர் விழித்திருந்தாற் போதும். பிறந்த மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசியுடன் வரும் பணியாளர், குடல் வளர்ச்சிக்குரிய அந்த முதல் நாள் கழிந்த பின்னரே வருகிறார்.