கம்பெனி ஓடிவிடுமாம்!

வடக்குப்பட்டு டீக்கடையில் போன வாரம் ஒரு மனைத் தரகர் நமக்கு உபதேசம் செய்தார். "தோழரே, ஒரகடம் பக்கம் நாலு கம்பெனி வந்துதான் ஜனங்கள் ஏதோ சாப்பிடுகிறார்கள். நீங்கள் சங்கம் கிங்கம் என்று கிளம்பினால் கம்பெனிக்காரன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடிவிடுவான். முதலில் அபிவிருத்தி வரட்டும். உரிமையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

தரகர் பேச்சோடு போயிருந்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்திருப்போம். ஆனால் மந்திரிகள் மேடையில் பேசுவதும், பெரிய பத்திரிகைகள் தலையங்கம் தீட்டுவதும் இதே பேச்சுத்தான். ஆகவே பதில் சொல்லியாக வேண்டும்.

ஓடிப்போன கம்பெனி ஒன்று நம் பக்கத்திலேயே இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா! 2006-ல் வந்தது. சர்க்கார் நிலம் கொடுத்தது, வரிச் சலுகை கொடுத்தது, விசேஷப் பொருளாதார மண்டலம் என்று பட்டமும் கொடுத்தது. உச்சக் கட்டத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். 2014 நவம்பர் 1-ல் உற்பத்தியை நிறுத்தி ஆலையை இழுத்து மூடினார்கள். சங்கம் வைத்ததாலா? இல்லை! வரிப் பாக்கி வழக்கில் ஆலைச் சொத்து முடங்கியது. நோக்கியாவின் செல்போன் தொழிலை விலைக்கு வாங்கிய மைக்ரோசாப்ட், இந்த ஆலையைச் சேர்க்காமல் வாங்கிற்று. கதை முடிந்தது. லாபக் கணக்கு சரிப்படாவிட்டால் முதலாளி போவான்; சரிப்பட்டால் செங்கொடிக்கு நடுவிலும் இருப்பான்.

இதற்கு சாம்சங் சாட்சி. சுங்குவார்சத்திரம் ஆலையில் குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் டெலிவிஷனும் செய்கிற தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வும் கேட்டார்கள், வாஸ்தவம். ஆனால் தலையாய கோரிக்கை எது? எங்கள் சங்கத்தைப் பதிவு செய், அதனுடன் உட்கார்ந்து பேசு என்பதுதான். தொழிற்சங்கச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில், 1926-ல் வந்தது. பிரிட்டிஷ் சர்க்காரே ஒப்புக்கொண்ட உரிமைக்காக, சுதந்திரம் வந்து 77 வருஷத்துக்குப் பிறகு 37 நாள் போராட வேண்டியிருந்தது! செப்டம்பர் 16-ல் காஞ்சிபுரத்தில் ஊர்வலம் புறப்பட்டவர்களில் 100 பேருக்கு மேல் போலீஸ் பிடித்தது. அக்டோபரில் மந்திரிகள், சங்கத்தை ஒதுக்கிவிட்டு வேறு சில தொழிலாளர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் காட்டி, "பிரச்னை தீர்ந்தது" என்று அறிவித்தார்கள். தீரவில்லை. போலீஸ் வந்து பந்தலைப் பிரித்தது. பந்தல் இல்லாமலும் போராட்டம் நடந்தது.

கம்பெனி சொன்ன ஆட்சேபணை ஒன்றை மறக்க முடியாது. ‘சாம்சங்’ என்ற பெயர் தன் சொத்தாம். அதைச் சங்கத்தின் பெயரில் வைக்கக் கூடாதாம்! நாளெல்லாம் அந்தப் பெயரைப் பெட்டியில் பதிக்கிற கை, தன் சங்கப் பலகையில் அதை எழுதக் கூடாது! விவகாரம் சென்னை ஹைகோர்ட் வரை போய், 2025 ஜனவரி 27-ல்தான் சங்கம் பதிவாயிற்று, அந்தப் பெயரிலேயே. கம்பெனி ஓடியதா? ஆலைதான் ஓடிற்று.

நிலத்து விஷயத்துக்கு வருவோம். இது ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த வட்டாரம். வடக்குப்பட்டு மேட்டில் 2022-ல் தொல்லியல் துறையினர் தோண்டியபோது கற்காலக் கருவிகளும் ரோமாபுரி ஜாடி ஓடுகளும் கிடைத்தன. அத்தனை காலமாக மனிதன் உழைத்துப் பிழைத்த மண். சிப்காட் வந்த பிறகுதான் இங்கே சோறு பொங்கியது போல் பேசுகிறார்கள்! நிலம் போனால் பட்டாதாரனுக்கு நஷ்டஈடு. நாற்று நட்டவளுக்கு? கதிர் அறுத்தவனுக்கு? நிலம் எடுக்குமுன் யார் யார் பிழைப்புப் போகும் என்று ஆய்வு செய்யச் சொல்கிறது 2013-ம் வருஷத்து மத்தியச் சட்டம். அந்தக் கணக்கில் கூலிக்காரனும் உண்டு. தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கும் தனது 1997-ம் வருஷத்துச் சட்டத்தை இந்த ஆய்விலிருந்து தமிழ்நாடு சர்க்கார் விலக்கிக்கொண்டது. செல்லாது என்று 2019-ல் ஹைகோர்ட் சொன்னது. அதே வருஷம் சட்டசபையில் புதுச் சட்டம் போட்டுப் பழையதற்கு உயிர் கொடுத்தார்கள். 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் சரி என்றது. 1997-ல் ஆண்டது ஒரு கழகம், 2019-ல் ஆண்டது இன்னொரு கழகம். இந்த ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் தகராறே கிடையாது!

"முதலில் அபிவிருத்தி, அப்புறம் உரிமை" என்ற மருந்தை நம்மைவிட அதிகமாகக் குடித்த தேசம் ஒன்று உண்டு. மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ். அமெரிக்க வாழைப்பழக் கம்பெனிகளின் தோட்டமாகவே கிடந்த நாடு. 1954-ல் தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த பிறகே, 1959-ல் அங்கே தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. பின்னாளில் வரியில்லா மண்டலங்கள் வந்தன. அமெரிக்கச் சந்தைக்குச் சட்டை தைக்கும் ஆலைகள் வந்தன. 2013-ல், முதலாளிகளே தனிச் சட்டமும் தனிக் கோர்ட்டும் வைத்துக்கொள்ளும் மண்டலங்களுக்கும் அனுமதி தந்தார்கள். 2022-ல் புதிய சர்க்கார் அதை ரத்து செய்ததும், அமெரிக்க முதலீட்டாளர்களின் கம்பெனி ஒன்று ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டு சர்வதேச மன்றத்தில் வழக்குப் போட்டது. அந்த நாட்டு ஜனத்தொகையே சுமார் ஒரு கோடிதான். தலைக்கு ஆயிரம் டாலர்!

அபிவிருத்தி கிடைத்ததா? 2018 அக்டோபரில், தையல் ஆலைகள் நிறைந்த சான் பெட்ரோ சூலா நகரிலிருந்து ஒரு கூட்டம் அமெரிக்க எல்லையை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டது. கைக்குழந்தைகளோடு வந்த தாய்மார்கள் உட்பட, வழியில் அது ஆயிரக்கணக்கில் பெருகிற்று. கம்பெனி ஓடவில்லை, தரகரே. ஜனங்கள் ஓடினார்கள்!

கம்பெனி ஓடிவிடும் என்று இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், ஓடுவதற்கு வாசலை அகலமாகத் திறந்துவிடுவது யார் என்றும் பார்க்கட்டும். 2025 நவம்பர் 21-ல் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்த சட்டத் தொகுப்பு, அந்த 1926-ம் வருஷத்துச் சட்டத்தை விழுங்கிவிட்டது. முன்பு 100 தொழிலாளர் உள்ள ஆலையை மூடவே சர்க்கார் அனுமதி வேண்டும். இனி 300 பேருக்குக் குறைந்தால் வேண்டாம். முதலாளி மூட்டை கட்டுவது சுலபம். தொழிலாளி வேலைநிறுத்தம் செய்ய வேண்டுமானால் எந்த ஆலையானாலும் 14 நாள் முன்னறிவிப்பு!

இதையெல்லாம் தரகரிடம் சொன்னோம். "இருந்தாலும் தோழரே..." என்று இழுத்தார். அவருடைய அக்காள் மகன் ஒரகடத்தில் மூன்று வருஷமாகக் காண்ட்ராக்ட் வேலையில் இருக்கிறான். பையன் எப்போது நிரந்தரமாவான் என்று கேட்டோம். அதற்குப் பதில் வரவில்லை. டீக்குக் காசை மட்டும் அவரே கொடுத்தார்.